வெறுங்கட்டம்

அவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நின்றுதான் குடிப்பான். அதுவும் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம். டீக்கடைக்காரர், "ஏலே, கிளாஸைக் கொண்டுபோயிராத!" என்று சத்தம் போடுவார். ஒரு தடவை கொண்டே போய்விட்டான். வடக்கு ரத வீதியில் காலி கிளாஸோடு நின்று, "இது எப்படி வே என் கைக்கு வந்துது?" என்று என்னைக் கேட்டான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தானே.

சங்கரன்கோவில் கீழ ரத வீதியில் அவன் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. எதிர்த்தாற்போல் இருந்த உரக்கடையில் எனக்கு வேலை. தெருவெல்லாம் லாட்டரிச் சீட்டு விற்ற காலம் அது. இரண்டு பேருக்கும் ஒரே வயது, இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவன் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கட்டம்' என்று சொன்னால்தான் தெரியும்.

அந்தப் பேரை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது ஒரு புத்தகம். துபாயில் வேலை பார்த்த கடையநல்லூர் பாய் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தார். இவன் கடை மேசையில் தினசரித் தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறார். அடுத்த தடவை வந்தபோது பெட்டியிலிருந்து இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "எவனோ ரூமிலே போட்டுட்டுப் போனது தம்பி. எனக்கு எதுக்கு? நீங்க வச்சுக்கிடுங்க" என்றார். புத்தகம் முழுக்கக் கட்டங்கள். எண்களால் நிரப்ப வேண்டிய கட்டங்கள். பின்னால் விடைகள் இருந்த பக்கங்களை யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள்.

விளையாட்டு என்னவோ சாதாரணம்தான். குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா எண்ணும் வர வேண்டும், எதுவும் இரண்டு தடவை வரக்கூடாது. மேலிருந்து கீழேயும் அப்படியே. நடுவில் தடித்த கோடு போட்டு மும்மூன்றாகப் பிரித்த சின்னச் சதுரங்களிலும் அப்படியே. சில எண்களை அவர்களே போட்டுக் கொடுத்திருப்பார்கள், மிச்சத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது பேப்பர் தோறும் வருகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடப் போடுகிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் இந்த மாதிரி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

நான் அவசரக்காரன். இரண்டு எண் பொருந்துகிற மாதிரி இருந்தால் ஒன்றைப் போட்டுப் பார்ப்பேன், சரிவராவிட்டால் அழிப்பேன். அவனுக்கு அது ஆகவே ஆகாது. நான் ஒரு எண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்குள், "காரணம்?" என்பான்.

"காரணம் என்ன வே காரணம். போட்டுப் பாரும். வந்தா வருது."

"வந்தா வருதுன்னு போட்டா, அது நீரு போட்டதா, தானா விழுந்ததா? பின்னாடி விடையும் இல்ல. காரணம் ஒண்ணுதான் நமக்கு விடை. அதையும் விட்டுட்டா என்ன இருக்கு?"

பென்சிலை ஆட்டி ஆட்டிப் பேசுவான். காரணம் கிடைக்கிற வரைக்கும் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. சோறு இறங்காது. கடையை அப்பா தலையில் போட்டுவிட்டு, "நாலு ரத வீதியையும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், வாரும்" என்று என் கடை வாசலில் வந்து நிற்பான். கீழ ரத வீதியில் தொடங்கினால் தெற்கு, மேற்கு, வடக்கு என்று கோவிலைச் சுற்றித் திரும்பவும் கீழ ரத வீதி. சாமி வருஷத்துக்குச் சில நாள்தான் அந்தத் தெருக்களைச் சுற்றும். நாங்கள் தினசரி சுற்றினோம். என் முதலாளி என்னைத் தொலைத்துக்கட்டாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

புத்தகத்தில் மற்ற கட்டங்களையெல்லாம் அவன் ஒரு வருஷத்துக்குள் முடித்துவிட்டான். கடைசிப் பக்கத்துக் கட்டம்தான் எங்கள் உயிரை வாங்கியது. அதில் ஒரு எண் கூடப் போட்டிருக்கவில்லை. மொத்தமும் காலி. அதற்குப் பதிலாகப் புள்ளிப் புள்ளியாக வேலி போட்டு, இரண்டு மூன்று கட்டங்களாக வளைத்திருந்தார்கள். வேலியின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு தொகை. அந்த வேலிக்குள் வரும் எண்களைக் கூட்டினால் அந்தத் தொகை வர வேண்டும். அவ்வளவுதான் உதவி. நாங்கள் அதற்கு வெறுங்கட்டம் என்று பேர் வைத்தோம்.

ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே திரிந்தான். மேல ரத வீதி திரும்புகிற இடத்தில் ஒரு நாள் சட்டென்று நின்று என் சட்டையைப் பிடித்தான்.

"வே, ஒன்னுல இருந்து ஒம்பது வரைக்கும் கூட்டும்."

"நாப்பத்தஞ்சு."

"அப்போ எந்த வரிசையைக் கூட்டினாலும் நாப்பத்தஞ்சுதானே? முத வரிசையில எட்டுக் கட்டம் வேலிக்குள்ள அடங்கிருது. அந்த வேலியெல்லாம் கூட்டினா நாப்பது வருது. ஒத்தக் கட்டம் மட்டும் கீழ வரிசையோட சேந்து துருத்திக்கிட்டு நிக்கி. அது என்ன?"

"அஞ்சு!"

"அஞ்சு வே! அஞ்சு!" என்று நடுத்தெருவில் குதித்தான். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "எதுக்கு மக்கா அஞ்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கு நேரம்.

அந்த ஐந்துதான் வினையாக வந்து முடிந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுவது கடையில் அவன் வேலை. உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளியாகவே எழுத்தைக் கொண்டுவந்துவிடுவான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கு மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவருக்குச் சீர்க்குடம். அதில் பொண்ணு பேரை வெட்டிவிட்டு, புத்தி எங்கேயோ இருக்க, பக்கத்தில் அழகாக ஒரு ஐந்தையும் வெட்டிவிட்டான். அவர் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய்த் திரும்பி வந்தார். இவன் அப்பா கையைப் பிசைந்து, வேறு குடம் கொடுத்து அனுப்பினார். போகிற வழியில் அந்த ஆள் என்ன நினைத்தாரோ, ஐந்தில் முடிகிற லாட்டரிச் சீட்டு ஒன்றை வாங்கிப் போயிருக்கிறார். அதற்குப் பரிசு விழுந்துவிட்டது. பெரிய பரிசு ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்கு அது போதாதா?

அதற்கப்புறம் நாங்கள் நடந்தால் பின்னாலேயே ஆள் வரும். "மூணு கட்டத்துக்கு இருபத்தி நாலுன்னா ஏழு, எட்டு, ஒம்பதுதான். அதுல ஏழு நடுவுல வராது" என்று இவன் சொல்லிக்கொண்டு போவான். பின்னால் ஒருத்தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வான். பூக்கடைக்காரர் ஒருவர் ஒரு முழம் பூவை இவன் கையில் திணித்து, "கடைசி நம்பர் மட்டும் சொல்லிருங்க" என்று கெஞ்சினார். இது சூது இல்லை, வெறும் கணக்கு என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். "ஆமாமா, கணக்குத்தான்" என்று கண்ணடித்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்திருக்கக்கூடாது.

அந்த நேரத்தில்தான் சிவகிரியில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். எல்லாரும் கேசரியைத் தின்றுகொண்டிருக்க, இவன் மட்டும் வாசலுக்கும் பட்டாசாலைக் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். அவன் அப்பா பல்லைக் கடித்தார். காபித் தட்டோடு வந்த பெண், மாப்பிள்ளை எங்கே என்று தேட வேண்டியதாகிவிட்டது. தட்டோடு அவன் பின்னாலேயே இரண்டு எட்டு போனவள், "நில்லுங்க, காபி கொட்டிரும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அவன் நின்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்ன வே, பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"காரணம்?" என்றேன், வேண்டுமென்றே.

"போரும் வே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முகமெல்லாம் சிவந்திருந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் வெறுங்கட்டத்தை அவன் திறக்கவே இல்லை. சுற்றுவது மட்டும் குறையவில்லை. சுற்றிச் சுற்றி அந்தப் பெண்ணைப் பற்றியே பேச்சு. கல்யாணம் முடிந்தால் கடை மாடியில் எந்த ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்பது வரைக்கும் என்னிடம் சொல்லிவிட்டான். அவனை அப்படிப் பார்க்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

பெண்ணின் தாய்மாமன் சிவகிரியில் மிளகாய் வியாபாரி. தாய்மாமன் என்றால் சும்மாவா? மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "பாத்திரக்கடைப் பையன் எப்படி?" என்று கேட்டவருக்கு, "தங்கமான பையன். நம்பர் சொன்னா சொன்னதுதான், தப்பவே தப்பாது" என்று நற்சான்று கிடைத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அந்த வழியாகப் போனோம். புத்தகத்தை அன்றைக்குத்தான் மறுபடி எடுத்திருந்தான். "நாலு அடைபட்டுட்டு வே, இனி ஏழு விழுந்தாத்தான் நமக்கு வழி" என்று என்னிடம் சத்தமாகச் சொன்னான். மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலமே ஆள் வந்துவிட்டது, சம்பந்தம் வேண்டாம் என்று. அவன் அம்மா அழுதாள். இவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சிவகிரிக்குப் போனான், நானும் கூடப் போனேன். மாமா முன்னால் வெறுங்கட்டத்தை விரித்து, வேலி என்ன, தொகை என்ன, நாற்பத்தைந்து எப்படி வருகிறது என்று நின்றவாக்கில் விளக்கினான். பக்கம் முழுக்கப் பென்சிலில் பொடிப் பொடியாக எண்கள். மாமா பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "துபாயில இருந்து வந்ததா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இவருதான் கூட்டாளியா?" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பெரியவர்கள் நடுவில் புகுந்து ஒரு மாதத்துக்கு மேல் பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பையன் சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சன்னதியில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் பெண் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கற்பூரம் ஏற்றியாயிற்று. மாமா சத்தியத்தை எடுத்துக்கொடுத்தார்.

"இனிமே எந்த நம்பரையும் கையால தொட மாட்டேன்னு சொல்லுங்க."

இவன் வாயைத் திறந்தான். "எந்த நம்பருன்னா? கடையில எடை போடணுமே."

"எடைக்கல்லு தவிர."

"பில்லு எழுதணும். அதுலயும் நம்பருதானே?"

"ஏலே, சொல்லித் தொலைலே!" என்று அவன் அப்பா காதோரம் சீறினார். நானும் முதுகில் இடித்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. யாராக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அவனால் முடியவில்லை. செய்ய முடியும் என்று நிச்சயமாகத் தெரியாத ஒன்றை அம்மன் முன்னால் அவனால் சொல்ல முடியவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது. கற்பூரம் கரைந்துகொண்டிருந்தது. மாமா கிளம்பிவிடுவார் போல் துண்டை உதறினார்.

"இருங்க" என்றான் அவன். "இந்த மாதிரிக் கட்டத்தை இனிமே கையால தொட மாட்டேன். அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். இதை என்னால காப்பாத்த முடியும். இது போதுமா?"

மாமா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அவன் கற்பூரத்தில் ஓங்கி அடித்தான். வெறுங்கட்டத்தில் அப்போது மிச்சம் இருந்தது நாலே நாலு இடம். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "உம்மகிட்டயே இருக்கட்டும்" என்றான். அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. சத்தியத்தை அவன் காப்பாற்றிய மாதிரி யாரும் காப்பாற்ற மாட்டார்கள். நானாக வெறுங்கட்டத்தைப் பற்றி எடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். நடை மட்டும் நிற்கவில்லை, கூடிவிட்டது. தனியாக நடந்தான். கண் பாட்டுக்கு எங்கேயோ இருக்கும். உளியைப் பிடித்தால் எழுத்து கோணுகிறது என்று பேர் வெட்டுகிற வேலையையும் வேறு ஆளிடம் விட்டுவிட்டான். மெலிந்துபோனான். எனக்குப் பயமாகவே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மா கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, அவுகளுக்கு என்னையப் பிடிக்கலையா?" என்றாள்.

தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. பக்கத்துல வந்து உக்காருதாக, உடனே எந்திச்சுப் போயிருதாக. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்காக. மனசுல வேற யாரும் இருந்தா சொல்லிருங்கண்ணே. நான் எங்க ஊருக்குப் போயிருதேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கற்பூரம், சத்தியம் எதுவுமே அவளுக்குத் தெரியாது. ஆண்கள் கூடி ஆண்களே முடித்த காரியம். பெண்ணிடம் போய் யார் சொல்லுவார்கள்? நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. மோரைத் தரையில் வைத்தாள்.

"எனக்காகப் பண்ணின சத்தியம்! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல! இந்த மாமாவுக்கு இருக்கு, பாருங்க" என்று ஒரு மூச்சு கத்தித் தீர்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா, நிம்மதியா, எனக்குத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புஸ்தகத்தை எடுங்க. அது எப்படிப் போடுததுன்னு எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஒரு ரப்பரை வாங்கி, அவன் போட்டுவைத்திருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்தாள். ஆறிப்போனதை யார் தின்பார்கள், முதலிலிருந்து நானே போடுகிறேன் என்றாள். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கடையில் அவன் எதிரிலேயே விரித்தாள். அவன் பாம்பைக் கண்டவன் மாதிரி எழுந்துவிட்டான்.

"நீங்க தொடாண்டாம். வாயையும் திறக்காண்டாம்" என்றாள். "நான் போடுதேன். தப்பாப் போட்டா, வாயை மூடிக்கிட்டே ஒரு இருமல் இருமுங்க. இருமக் கூடாதுன்னு சத்தியத்துல இல்லல்லா?"

அவன் என்னைப் பார்த்தான். அந்தச் சத்தியத்தை வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் புரட்டினான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் முதல் எண்ணைப் போட்டாள், வேண்டுமென்றே தப்பாக. கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தான். முகம் கோணியது. பிறகு மூக்கு வழியாக வெடித்துக்கொண்டு வந்தது ஒரு இருமல்.

அன்றிலிருந்து மத்தியானம் கூட்டம் குறைகிற நேரத்தில் பாத்திரக்கடையில் இருமல்தான். நல்ல தப்பு என்றால் சின்ன இருமல், மடத்தனமான தப்பு என்றால் கடையிலிருக்கிற வெண்கலமெல்லாம் அதிரும். எனக்கும் அவளுக்கும் வேலிகளைப் பற்றி ஓயாத சண்டை. அவன் பித்தளைச் செம்பைத் துடைக்கிற சாக்கில் மேசையைச் சுற்றிச் சுற்றி வருவான். அவன் அம்மா கண்டங்கத்திரிக் கஷாயம் போட்டுப் போட்டுக் கொடுத்தாள், மறுக்காமல் குடித்தான். சிவகிரியில் யார் போய்ச் சொன்னார்களோ, மாமா ஒரு பை நிறையப் பனங்கற்கண்டோடு பதறிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளைக்கு நெஞ்சுச் சளியா?" என்று கேட்டார். "ஆமா மாமா, நீங்க குடுத்ததுதான்" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. அவன் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடினான். அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

கடைசியில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். அதே நாலு இடம். இரண்டு வரிசை, அதில் இரண்டு இரண்டு கட்டம். மூன்றும் எட்டும் மாறி மாறி வர வேண்டும். மேலே மூன்று என்றால் கீழே எட்டு, மேலே எட்டு என்றால் கீழே மூன்று. எப்படிப் போட்டாலும் வரிசை சரி, நெடுக்கு சரி, வேலி சரி, சதுரம் சரி. கல்யாணத்துக்கு முன்னால் இதை வைத்துக்கொண்டு நாங்கள் சுற்றாத சுற்று இல்லை. கட்டம் போட்டவன் இரண்டு விடை வரும்படியா போட்டிருப்பான், எங்கேயோ நாம்தான் கோட்டை விட்டிருக்கிறோம் என்று நான் சொல்வேன். போட்டவன் யோக்கியன் என்று எனக்கு யார் சொன்னது என்று அவன் கேட்பான். இரண்டில் ஒன்றைப் போட அவனுக்கு மனசு வந்ததே இல்லை.

அவள் எல்லாத் திசையிலும் கூட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் செம்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ரெண்டும் சரியாத்தான் வருது" என்றாள் அவள், பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு. "அப்போ எனக்குப் பிடிச்சதைப் போடுதேன்."

நான் பதறிப்போனேன். காரணமே இல்லாத எண்ணை, அவன் கண் முன்னால்! அவள் மேலே மூன்றை எழுதினாள். பக்கத்தில் எட்டு. கீழே எட்டு. பக்கத்தில் மூன்று. எழுதி முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

அவன் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்தான். இருமவில்லை.